பதினெட்டாம் மாடியில் ஒரு தட்டு வடை

தம்பி,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்கப் போவதில்லை. நீ சிங்கப்பூரில் நலமாகத்தான் இருப்பாய். மருமகள் போடுகிற படங்களில் உன் கன்னம் தெரிகிறது. என் நலத்தைப் பற்றித்தான் நேற்று போனில் குறுக்கு விசாரணை நடத்தினாய். "எப்படிம்மா சுகர் ஏறுச்சு? வீட்டுல ஓட்ஸும் புரோக்கோலியும்தானே இருக்கு? கீழே ஜிம் இருக்கு, நீச்சல்குளம் இருக்கு, நடக்கிறதுக்குன்னே தனிப் பாதை போட்டிருக்கான். ஜெலுத்தோங்குல வடையும் அப்பமுமா தின்னுக்கிட்டு இருந்தீங்க, அப்பல்லாம் ஏறலையே!" கேட்டுவிட்டு, நான் வாயைத் திறப்பதற்குள் அடுத்ததையும் சொல்லிவிட்டாய். ஜெலுத்தோங்கில் நாங்கள் இருந்த பழைய வீட்டுக்கு வாடகைக்கு ஆள் கிடைத்துவிட்டதாம், சனிக்கிழமை ஏஜெண்ட் வருவானாம், சாவியைக் கொடுத்துவிட வேண்டுமாம். நான் "ம்" என்றேன். உன் அம்மா "ம்" என்று மட்டும் சொன்னால் ஏதோ கோளாறு என்று இத்தனை வருஷத்தில் நீ கற்றுக்கொண்டிருக்க வேண்டும். போனில் சொல்லலாம்தான். ஆனால் நீ குறுக்கே பேசுவாய், அப்பா பின்னால் நின்று ஜாடை காட்டுவார், எனக்குச் சிரிப்பு வந்து விஷயமே கெட்டுப்போகும். அதனால்தான் எழுதுகிறேன். சுகர் எப்படி ஏறியது என்ற உன் கேள்விக்கு இதுதான் பதில். கொஞ்சம் நீளம். முழுதாகப் படித்துவிட்டு அப்புறம் கத்து.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அப்பாவின் இருதயத்தில் அடைப்பு என்று ஆஸ்பத்திரியில் படுக்க வைத்திருந்தபோது நடைபாதையில் நின்று சின்னப் பிள்ளை மாதிரி அழுதாய். "இனிமே அந்த மாடிப்படியெல்லாம் ஏற வேணாம்மா, ரெண்டு பேரும் லிப்ட் வச்ச என் காண்டோ வீட்டுக்கு வந்துடுங்க, அது சும்மாதான் கிடக்கு" என்றாய். அந்த அழுகையைப் பார்த்த எந்த அம்மாவும் மாட்டேன் என்று சொல்லமாட்டாள். நானும் சொல்லவில்லை. இப்போது எழுதுவதெல்லாம் அந்த அழுகைக்கு எதிராக இல்லை. அதை என் நெஞ்சில் பத்திரமாக வைத்திருக்கிறேன், ஓட்ஸ் அதன்மேல் சிந்தாமல்.

நீ வாங்கிய வீடு அழகான வீடு. பார்க்கிறவர்கள் எல்லோரும் வாயைப் பிளக்கிறார்கள். பார்க்க வந்தவள் ஒரே ஒருத்தி, என் சித்தி மகள் சாரதா. அவளும் கீழே காவலாளியிடம் அடையாளக் கார்டு, கைரேகை என்று எல்லாம் கொடுத்து மேலே வருவதற்குள் வந்த காரணத்தை மறந்துவிட்டாள். "என்னடி, உன்னைப் பார்க்க வந்தேனா, ஜெயில்ல இருக்கிற யாரையாச்சும் பார்க்க வந்தேனா?" என்றாள். நான் சிரித்தேன். அவள் போன பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. ஜன்னல் ஒரு சாணுக்கு மேல் திறப்பதில்லை. அதன் வழியாகப் பார்த்தால் பினாங்குக் கடல் முழுக்கத் தெரிகிறது, ஆனால் சத்தமும் இல்லை, உப்பு வாடையும் இல்லை. சத்தத்தை அணைத்து வைத்த டிவி மாதிரி ஒரு கடல். வாசலில் இறங்கினால் கார்கள் பறக்கிற பெரிய சாலை. அதைக் கடக்க மேம்பாலம் ஒன்று இருக்கிறது, அதன் படியில் ஏறுவதற்குப் பதில் ஜெலுத்தோங் மாடிப்படியிலேயே ஏறியிருக்கலாம். எங்கேயாவது போக வேண்டுமென்றால் உனக்குச் சொல்ல வேண்டும். "எங்கம்மா போகணும், சொல்லுங்க, இங்கிருந்தே கார் புக் பண்ணுறேன்" என்பாய். எவ்வளவு வசதி! ஆனால் ஜிலேபிக் கடைக்குப் போக உன்னிடம் கார் கேட்க முடியுமா?

இந்த வீட்டில் அப்பா கைதி என்றால் நான் வார்டர். வார்டருக்கும் வெளியே போக வழியில்லை என்பதை எந்த வார்டரும் கைதியிடம் சொல்வதில்லை. காலையில் கிண்ணத்தை அவர் முன்னால் வைப்பேன்.

"என்ன இது, சுவத்துக்கு அடிக்கிற சுண்ணாம்பு மாதிரி?"

"ஓட்ஸ். மேல சியா விதை போட்டிருக்கேன். மருமக வாங்கி அனுப்பினது."

"தவளை முட்டைன்னு நெனச்சேன்."

"பேசாம சாப்பிடுங்க. ஆயுசு நீளும்."

"இதைத் தின்னுக்கிட்டு ஆயுசு வேற நீளணுமா? அலாமாக்."

துக்க வீட்டில் காப்பி குடிக்கிற முகத்தோடு குடித்து முடிப்பார். எனக்குப் பாவமாக இருக்கும். ஆனாலும் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொள்வேன், ஏனென்றால் ஹாலில் நீ மாட்டி வைத்த கேமரா இருக்கிறதே. அப்பா விழுந்துவிட்டால் தெரிய வேண்டும் என்றுதான் மாட்டினாய். விழாத நேரத்திலும் அது பார்த்துக்கொண்டேதான் இருக்கிறது. சாப்பாட்டு மேசையும் அதன் கண்ணுக்குள், அடுப்படியில் பாதியும் அதன் கண்ணுக்குள். ஒருநாள் நான் அச்சு முறுக்கு ஒன்றை எடுத்த உடனே போன் அடித்தது. நீ சும்மாதான் கூப்பிட்டாய், தெரியும். ஆனால் அன்றிலிருந்து முறுக்கைக் கையில் எடுத்தாலே எனக்குப் போன் மணி கேட்கிறது.

ஜிம்முக்கும் போய்ப் பார்த்தேன், அதையும் மறைக்கவில்லை. நடக்கிற மிஷினில் ஏற்றிவிட்டார்கள். கால் போகிறது, நான் போகவில்லை. எதிரே சுவர். பக்கத்தில் ஒரு பெண் காதில் எதையோ மாட்டிக்கொண்டு ஓடினாள். "எந்த மாடிம்மா?" என்று தமிழில் கேட்டேன், மலாயில் கேட்டேன், எனக்குத் தெரிந்த நாலு வார்த்தை இங்கிலீஷிலும் கேட்டேன். காதில் விழவில்லை. வெளியே நீ பெருமையாகச் சொன்ன நடைபாதை, கார் நிறுத்தும் இடத்தைச் சுற்றிப் போட்டது. செக்கு மாடு மாதிரி சுற்றினால் அதே காரையே திரும்பத் திரும்பப் பார்க்கலாம். ஜெலுத்தோங்கில் நான் எப்படி நடந்தேன் என்று நினைத்துப் பார். விடிந்ததும் கடலோரப் பாதை. சேற்றில் கொக்கு ஒற்றைக் காலில் நிற்கும், நண்டு பக்கவாட்டில் ஓடும், அங்சானா மரம் பூத்த வாரத்தில் ரோடெல்லாம் மஞ்சள் தெளித்த மாதிரி கிடக்கும். கூட நடக்க நாலு பொம்பளைகள். கோயில் கமிட்டியில் யார் யாரோடு பேசுவதில்லை, யார் மகள் யாரோடு கெப்பாலா பத்தாஸில் போய் ரிஜிஸ்டர் கல்யாணம் பண்ணிக்கொண்டாள், எல்லாம் அங்கேதான் வெளியாகும். வாய் நடந்தால் கால் தானாக நடக்கும் தம்பி. இதை எந்த மிஷின்காரனும் கண்டுபிடிக்கவில்லை. திரும்பும்போது பாசார் சந்தையில் கீரை. அப்புறம் மூன்று மாடி. அதையெல்லாம் உடற்பயிற்சி என்று யாரும் சொல்லாததால் எனக்கும் தெரியாமல் போய்விட்டது.

இப்போது வடைக்கு வருகிறேன். உன் கேள்வியே அதுதானே. ஜெலுத்தோங்கில் வடையாகச் சுட்டுத் தின்றோம், சுகர் ஏறவில்லை, ஏன்? நான் வடை சுட்டால் முதல் தட்டு எங்கே போகும், ஞாபகம் இருக்கிறதா? நீதானே தூக்கிக்கொண்டு ஓடுவாய். பக்கத்து வீட்டுச் சீனத்து அக்கா ஆ சோவுக்கு நாலு, கீழ் மாடி மலாய்க்கார மாக்சிக்குக்கு நாலு, எதிர் வீட்டில் நைட் ஷிப்ட் முடிந்து வருகிற பையனுக்கு ரெண்டு. தட்டு காலியாகத் திரும்பி வரக்கூடாது என்பது அந்தப் பிளாட்டில் எழுதாத சட்டம். ஆ சோ தட்டில் கொய்யாப் பழம் வைத்து அனுப்புவாள், மாக்சிக் பச்சையாய்த் தின்கிற உலாம் இலையும் வெள்ளரிக்காயும் வைப்பாள். ஆக, சுட்டது ஒரு சட்டி வடை, வீட்டில் மிஞ்சியது ஆளுக்கு ஒன்று, கூடவே பழமும் இலையும். எண்ணெய் வெளியே போனது, பச்சைக்காய் உள்ளே வந்தது. எந்த டயட்டீஷியனும் போட்டுக் கொடுக்காத கணக்கு. நாம் ஏதோ பெரிய மனசோடு கொடுத்தோம் என்று நினைத்தேன். இல்லை, அந்த மாடியே நம் உடம்பைப் பார்த்துக்கொண்டிருந்தது.

இங்கே வந்த இரண்டாவது வாரம், பழக்கதோஷம், வடை சுட்டேன். அப்பாவுக்கு ஒன்றுகூடக் கிடையாது, அக்கம்பக்கத்துக்கு மட்டும் என்று சட்டம் போட்டுக்கொண்டு தட்டோடு அடுத்த கதவுக்குப் போனேன். மணி அடித்தேன். கதவு பேசியது.

"டெலிவரி? கார்டு ஹவுஸ்ல வச்சிடுங்க."

"டெலிவரி இல்லலா, பக்கத்து வீடு. வடை."

"நாங்க ஒண்ணும் ஆர்டர் பண்ணலையே."

"ஆர்டர் இல்லம்மா, சும்மா."

கதவு கொஞ்ச நேரம் யோசித்தது. "நோ தேங்க்ஸ் ஆண்ட்டி" என்றது. நாலு கதவு, நாலும் அப்படித்தான். தட்டு காலியாகத் திரும்பக்கூடாது என்ற நம் சட்டம் அன்றைக்கும் காப்பாற்றப்பட்டது. கொண்டுபோன வடை அத்தனையும் அப்படியே திரும்பி வந்தது. குப்பையில் போட மனசு வருமா? கேமராவுக்கு முதுகைக் காட்டி நின்று, பாத்திரம் தேய்க்கிற மாதிரி, அன்றைக்கும் மறுநாளுமாக நானே தின்று முடித்தேன். தின்னத் தின்ன ருசியே தெரியவில்லை. அழுகைதான் வந்தது. அந்த எரிச்சலில் இன்னொன்று தின்றேன். சுகர் ஏறிய கதை இங்கேதான் ஆரம்பிக்கிறது ஐயா.

அப்புறம் எனக்கு பக்தி முற்றியது. வெள்ளிக்கிழமை தவறாமல் லிட்டில் இந்தியா பக்கம் கோயிலுக்கு கார் புக் பண்ணச் சொன்னேனே, "அம்மாவுக்கு மனசு பக்குவப்பட்டிருச்சு" என்று நீ மருமகளிடம் சொன்னாயாமே. சாமி சத்தியமாகக் கோயிலுக்கும் போனேன். கோயிலுக்கு அடுத்த கடையில் ஜிலேபியும் லட்டும் இருப்பது சாமியின் ஏற்பாடு. வாங்கி வந்தாயிற்று, எங்கே தின்பது? ஹாலில் கேமரா, படுக்கையறையில் அப்பா. அப்போதுதான் லிப்டுக்குப் பக்கத்தில் அந்தக் கனத்த கதவைப் பார்த்தேன். தீ பிடித்தால் ஓடுகிற அவசரப் படிக்கட்டு. கேமரா இல்லை, ஆள் இல்லை, உட்கார குளுகுளுவென்று சிமெண்டுப் படி. "கொஞ்சம் நடந்துட்டு வரேங்க" என்று சொல்லிவிட்டுப் போவேன். அப்பா "போ போ, நானும் அப்புறமா கீழே போய் நடக்கிறேன்" என்பார். ரெண்டு பேரும் நடைப்பயிற்சியில் இவ்வளவு ஆர்வமாக இருக்கிறோம் என்று நீயும் போனில் கட்டைவிரல் படம் அனுப்புவாய்.

போன வாரம் நடந்தது உனக்குப் பாதி தெரியும். அலாரம் அடித்ததும், காவலாளி உன்னைக் கூப்பிட்டதும், நீ என்னைக் கூப்பிட்டு "ஜிம்மை விட்டுட்டு ஏம்மா படிக்கட்டுல நடந்தீங்க?" என்று கத்தியதும். மீதிப் பாதி இது. அன்றைக்கு எப்போதும் போல கதவிடுக்கில் செருப்பைச் செருகிவிட்டு உள்ளே உட்கார்ந்தேன். செருப்பு வழுக்கி, கதவு "டொப்" என்று சாத்திக்கொண்டது. உள்பக்கத்திலிருந்து திறக்காதாம் அந்தக் கதவு, கதவு திறக்கிற கார்டைக் காட்டினாலும் திறக்காது. போன் வீட்டில். தட்டினேன். கூப்பிட்டேன். என் குரலே சுற்றிச் சுற்றி வந்து என்னையே "யாராச்சும் இருக்கீங்களா?" என்று கேட்டது. அந்த நிமிஷம் எனக்கு ஒன்று புரிந்தது தம்பி. அந்தப் பயம் எனக்குப் புதிதாக இல்லை. இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து இப்படித்தான் இருக்கிறது, இன்றைக்குத்தான் சத்தத்தோடு சாத்தியிருக்கிறது என்று தோன்றியது. மடியில் ஜிலேபி. ஒன்றைக்கூட வாயில் வைக்க முடியவில்லை.

அப்போது கீழேயிருந்து ஒரு வாசனை வந்தது. கறிபாப். பொரித்த மாவுக்குள் உருளைக்கிழங்கும் மசாலாவும் சூடாக. மூக்கு பொய் சொல்லாது. இரண்டு திருப்பம் இறங்கினேன். படியில் கைக்குட்டையை விரித்து, வழுக்கைத் தலை பளபளக்க, உன் அப்பா.

என்னைப் பார்த்ததும் வாயிலிருந்ததை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் முழித்தார். "நடந்துக்கிட்டு இருக்கேன்" என்றார், உட்கார்ந்தபடி.

"தெரியுது. கையில என்ன?"

"உன் கையில என்ன, அதைச் சொல்லு முதல்ல."

பையைப் பின்னால் மறைத்தேன். ஜிலேபிப் பாகு ஏற்கெனவே என் சேலையில் சொட்டியிருந்தது. வாசலில் நிற்கிற நேப்பாளத்துக் காவலாளிப் பையன் ஷிப்டுக்கு வரும்போது அவருக்குக் கறிபாப் வாங்கி வந்து கொடுக்கிறானாம். நான் ஓட்ஸைக் கிண்டிக்கொண்டு வார்டர் வேலை பார்த்த அத்தனை நாளும் இவர் ஒரு மாடி கீழே கறிபாப் தின்றிருக்கிறார். எனக்கு வந்த கோபத்தில் அடிக்கலாம் போல இருந்தது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்தேன். எலிப்பொறியில் மாட்டிய எலி மாதிரி, தேங்காய்த் துண்டைக் கவ்விக்கொண்டே மாட்டிய எலி. கண்ணாடி இருந்திருந்தால் என் முகமும் அதேதான்.

"கதவு திறக்கலைங்க" என்றேன்.

"எனக்குத் தெரியும். இந்த மாடிக் கதவும் சாத்திக்கிச்சு. நீ கத்தினது கேட்டுச்சு, வாயில கறிபாப், குரல் வரல. அரை மணி நேரம் முன்னாடியே நான் தட்டி ஓய்ஞ்சுட்டேன். நீ தேடி வருவேன்னு பார்த்தேன்."

"நான் மேல உட்கார்ந்து ஜிலேபி பையைப் பிரிச்சுக்கிட்டு இருந்தேன்."

சிரித்தோம் பார், அந்தப் படிக்கட்டே சிரித்தது. சிரித்து முடித்ததும் அப்பா மெதுவாகச் சொன்னார்: "உன் முன்னாடி தின்னா நீ வருத்தப்படுவே. தின்னலைன்னா எனக்கு இங்க வேற என்னதான் இருக்கு?" கறிபாப்பில் மீதியை இரண்டாகப் பிய்த்தோம், ஜிலேபியில் ஒன்றை இரண்டாக. மீதியைத் திரும்பக் கட்டினேன். அத்தனை வாரத்தில் முதல் தடவையாக, போதும் என்று தோன்றியது. ருசியும் தெரிந்தது.

அப்புறம் இறங்கினோம், கீழ்க் கதவு மட்டும் திறக்கும் என்று சுவரில் படம் போட்டிருந்தது. கைப்பிடியைப் பிடித்து, மாடிக்கு மாடி உட்கார்ந்து, பேசிக்கொண்டே. அப்பாவுக்கு மூச்சு வாங்கவில்லை. டாக்டர்தான் நடக்கச் சொன்னாரே, மாடிப்படியும் மெதுவாக ஏறலாம் என்றாரே, நீயும் கூடத்தானே இருந்தாய். காண்டோவுக்கு வந்தபிறகு நானும் அவரும் சேர்ந்து நடந்தது அன்றைக்குத்தான். கீழ்க் கதவைத் தள்ளினால் அலாரம் அலறியது. ஆனால் தம்பி, அலாரத்துக்கு முன்னால் வந்தது காற்று. கட்டடத்துக்குப் பின்பக்கம் அது. கடல் பாறையில் மோதுகிற சத்தம், உப்பு வாடை, ஒரு காட்டுப் பாதாம் மரம், அதன் சிவந்த இலை ரெண்டு அப்பா தலையில். இத்தனை நாள் மேலே டிவியில் பார்த்த கடல் இங்கே நிஜமாக இருந்திருக்கிறது. காவலாளிப் பையன் ஓடி வந்து, அப்பாவின் சட்டையில் கறிபாப் தூளைப் பார்த்து, ஆகாயத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டான். மீதி ஜிலேபிப் பையை அவன் கையில் கொடுத்தேன். மறுநாள் எங்கள் வாசலில் அந்தப் பை தொங்கியது. உள்ளே ரெண்டு ஆரஞ்சு. நேப்பாளத்திலும் நம் சட்டம்தான் போலிருக்கிறது.

ஆக, உன் கேள்விக்குப் பதில் முடிந்தது. இனி நான் கேட்பது. ஜெலுத்தோங் வீடு எங்கள் பேரில் இருக்கிறது, காண்டோ உன் பேரில். வாடகைக்கு விடுவதானால் உன் வீட்டை நீ விடு, எங்கள் வீட்டில் நாங்கள் இருந்துகொள்கிறோம். அந்த வாடகைக்கு வருகிற ஆளிடம் ஜிம் இருக்கு, நீச்சல்குளம் இருக்கு, நடக்கத் தனிப் பாதை இருக்கு, கடல் தெரியும் என்று என்னிடம் சொன்ன அத்தனையையும் சொல். சின்ன வயசாம், வேலைக்குப் போய்விட்டுத் தூங்க வருவானாம், அவனுக்குப் பிடிக்கும். நாங்கள் ஓட்ஸை விட்டுவிடமாட்டோம், பயப்படாதே. உப்புப் போட்டு, வெங்காயம் பச்சைமிளகாய் தாளித்தால் அது உப்புமாவுக்குத் தங்கச்சிதான். தேத்தண்ணி சீனி இல்லாமல். சாயந்திரம் வாய் ஊறினால் அவித்த கொண்டைக்கடலை. வடை எப்போதாவது, தட்டு சுற்றி வந்த பிறகு மிஞ்சுவது மட்டும். ஞாயிற்றுக்கிழமை தண்ணீர்மலைப் பக்கம் பூந்தோட்டத்துக்கு பஸ்ஸில் போய் நாகலிங்க மரத்தடியில் நடப்போம். அங்கே ஓர் ஆப்பத்தை இரண்டாகப் பிய்த்துத் தின்பதாக ஏற்பாடு. குரங்கு பிடுங்கிக்கொண்டால் அதன் சுகர், நம் பொறுப்பில்லை. அப்பாவின் ரத்தப் பரிசோதனைக்கும் என்னுடையதுக்கும் தவறாமல் போவோம், சீட்டைப் படம் எடுத்தும் அனுப்புவோம்.

உனக்கும் ஒன்று. இரவில் ஆபீஸ் மேசையிலேயே பெட்டிச் சாப்பாட்டை வரவழைத்து, திரையைப் பார்த்துக்கொண்டே தின்கிறாயாம். மருமகள் கோள் சொல்லவில்லை; நான்தான் பிடுங்கினேன். உனக்கு நான் புரோக்கோலி அனுப்பப் போவதில்லை. உன் மாடியில் ஒரு கதவைத் தட்டு. ஒன்று திறக்காவிட்டால் அடுத்ததைத் தட்டு. என்னை மாதிரி நாலோடு நிறுத்திவிடாதே.

சனிக்கிழமை ஏஜெண்டிடம் சாவி கொடுப்பேன். எந்தச் சாவி என்று உனக்கு இப்போது தெரியும். அப்பா படுக்கையறையில் சட்டைகளை மடித்துப் பெட்டியில் வைக்கிறார். கதவு வழியாகக்கூடக் கேமராவுக்குத் தெரியாத மூலையில் நின்று வைக்கிறார், பழக்கம். அடுத்த தடவை பினாங்கு வரும்போது பாசாரிலேயே காரை நிறுத்திவிட்டு நடந்து வா. எங்கள் பிளாட்டுக்குக் கீழே எப்போதும் இடம் கிடைக்காது, அதுவும் நல்லதுக்குத்தான்.

சனிக்கிழமை சாயங்காலம் நீ போனைத் திறந்து கேமராவைப் பார்ப்பாய். ஹாலில் யாரும் இருக்கமாட்டோம். பதறாதே ஐயா. யாரும் விழவில்லை. நடக்கப் போயிருக்கிறோம்.

அம்மா